ஹார்மோன் டெஸ்டுக்குப் போகுமுன்னும், ரிப்போர்ட் கைக்கு வந்த பின்னும்

"எனக்கு தைராய்டு இருக்கு, அதான் டெஸ்ட் எடுக்க வந்தேன்." காலை ஏழு மணிக்கு லேப் கதவைத் திறந்ததும் முதலில் காதில் விழுவது பெரும்பாலும் இதுதான். தைராய்டு எல்லோருக்கும் இருக்கும், இல்லாவிட்டால்தான் பிரச்சினை என்று நான் சொல்வேன். சிலர் சிரிப்பார்கள். சிலர், ஊசி குத்துகிறவளுக்கு வாயைப் பார் என்பது போல முறைப்பார்கள்.

கோவில்பட்டியில் 23 வருஷமாக ரத்தம் எடுக்கிறேன். டி.எம்.எல்.டி. என்கிற லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தவள், டாக்டர் இல்லை. எந்த மாத்திரை, எத்தனை மைக்ரோகிராம் என்பதையெல்லாம் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் ஒன்று எனக்கு நன்றாகத் தெரியும். ரிப்போர்ட் தப்பாக வந்தால் எல்லோரும் மெஷினைத் திட்டுகிறார்கள். தப்பு பெரும்பாலும் சாம்பிள் மெஷினுக்குள் போவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். தப்பான நேரத்தில் வருவார்கள், தப்பான நாளில் வருவார்கள், மாத்திரையை விழுங்கிவிட்டு வருவார்கள். அப்புறம் வருகிற நம்பரைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு பயப்படுவார்கள். ஹார்மோன் நம்பரைத் தனியாகப் பார்க்கவே கூடாது. எத்தனை மணிக்கு எடுத்தது, அதன் ஜோடி நம்பர் என்ன, இந்த இரண்டும் பக்கத்தில் இருந்தால்தான் அதற்கு அர்த்தம். எப்படி என்று சொல்கிறேன்.

அம்மா எழுப்புகிற சத்தம்

மூளைக்கு அடியில், மூக்கின் வேர்ப்பகுதிக்குப் பின்னால், கொண்டைக்கடலை அளவில் தொங்குகிற சுரப்பி பிட்யூட்டரி. எடை அரை கிராம் சுமாருக்குத்தான் இருக்கும். கழுத்தில் இருக்கிற தைராய்டு வேலை செய்யவேண்டும் என்றால் இது டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடவேண்டும். தைராய்டு அதைக் கேட்டு டி4, டி3 என்ற இரண்டைச் சுரக்கும். உடம்பின் சூடு, இதயத்துடிப்பு, குடல் அசைவு, தூக்கம், எடை எல்லாவற்றிலும் இந்த இரண்டுக்கும் கை உண்டு. ரத்தத்தில் டி4 போதுமான அளவு வந்துவிட்டால் பிட்யூட்டரி அதைத் தெரிந்துகொண்டு டி.எஸ்.எச்.சைக் குறைத்துவிடும்.

இதைப் புரியவைக்க நான் சொல்லும் உதாரணம், பள்ளிக்கூடம் போகாமல் தூங்கும் பையனை அம்மா எழுப்புவது. பையன் சொன்ன நேரத்துக்கு எழுந்துவிட்டால் அம்மா ஒரு தடவை மெல்லக் கூப்பிட்டால் போதும். எழாவிட்டால்? சத்தம் ஏறிக்கொண்டே போகும், கடைசியில் தெருவுக்கே கேட்கும். டி.எஸ்.எச். என்பது அம்மாவின் சத்தம். தைராய்டு பையன். ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 18 என்று இருந்தால் தைராய்டு 'அதிகம்' என்று நினைக்காதீர்கள். அம்மா தொண்டை கிழியக் கத்துகிறாள், பையன் எழவில்லை. அதாவது தைராய்டு குறைவாக வேலை செய்கிறது. டி.எஸ்.எச். 0.01 என்றால் பையன் நாலு மணிக்கே எழுந்து குதித்துக்கொண்டிருக்கிறான், அம்மா வாயே திறக்கவில்லை. அது தைராய்டு கூடுதல்.

'டி.எஸ்.எச். அதிகம்' என்பதைத் 'தைராய்டு அதிகம்' என்று நினைத்துக்கொண்டு தானாகவே மாத்திரையை நிறுத்திய ஆட்கள் எனக்கு ஐந்தாறு பேராவது தெரியும். ஒரு அக்கா மூன்று மாதம் நிறுத்திவிட்டு வந்தபோது முகம் வீங்கி, குரல் தடித்து, கதவருகே நின்றவரை எனக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

பெரியவர்களுக்கு டி.எஸ்.எச். ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை சாதாரணம். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். உங்கள் தாளில் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிற அளவைத்தான் பார்க்கவேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கணக்கே வேறு. முதல் மூன்று மாதத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து வரும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோனும் சேர்ந்து தைராய்டைத் தட்டி எழுப்புவதால் டி.எஸ்.எச். இறங்கித் தெரியும். அம்மாவுக்கு உதவியாக அத்தை வந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டி4 கொஞ்சம் குறைந்தாலே டி.எஸ்.எச். பல மடங்கு ஏறிவிடும். அதனால்தான் முதலில் டி.எஸ்.எச். மட்டும் எழுதிக் கொடுக்கிறார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு அது போதும். போதாத ஒருத்தியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தைராய்டு டெஸ்டுக்கு எப்படி வரவேண்டும்

சாப்பிட்டுவிட்டு வரலாமா என்று கேட்பார்கள். டி.எஸ்.எச்.சுக்குக் கட்டாயம் பட்டினி கிடக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் அது ராத்திரியில் ஏறி, காலையில் உயரமாகவே இருந்து, மத்தியானத்துக்கு மேல் இறங்கும். போன தடவை காலை ஏழரைக்குக் கொடுத்துவிட்டு இந்தத் தடவை சாயங்காலம் நாலு மணிக்குக் கொடுத்தால், இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? எப்போதும் காலையிலேயே, முடிந்தால் ஒரே லேபில் கொடுங்கள்.

ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர்கள் அன்றைக்கு ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். விழுங்கிய இரண்டு மணி நேரத்திலிருந்து நாலு மணி நேரம் வரை ரத்தத்தில் டி4 தூக்கிக் காட்டும். அந்த நேரத்தில் எடுத்தால் 'டோஸ் கூடிவிட்டது' என்று தோன்றும்.

டோஸ் மாற்றினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துத்தான் மறுபடி டெஸ்ட். பத்தாம் நாளே வந்து நிற்பவர்களை நான் திருப்பி அனுப்புவேன், காசு மிச்சம். டி4 ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். புது டோஸ் ஒரு நிலைக்கு வரவே நாலைந்து வாரம் வேண்டும். அதன்பிறகு பிட்யூட்டரி நிதானத்துக்கு வரவேண்டும்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். எங்கள் மெஷின்களில் பலவும் ஹார்மோனைப் பிடித்து நிறுத்துவதற்கே பயோட்டினை ஒரு கொக்கி போலப் பயன்படுத்துகின்றன. உங்கள் ரத்தத்திலும் பயோட்டின் நிறைய மிதந்தால் கொக்கிகள் எல்லாம் அதிலேயே போய் மாட்டிக்கொள்ளும். டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 அதிகமாகவும் பொய்யாகக் காட்டும். தைராய்டு பொங்கிக்கொண்டிருக்கிற ஆள் மாதிரியே இருக்கும். 10 மில்லிகிராம் பயோட்டின் போட்டுக்கொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு இப்படித்தான் ரிப்போர்ட் வந்தது. வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டார்கள். நான் கையைப் பிடித்து நாடி பார்த்தேன், நிதானமாக 70. கை நடுக்கம் இல்லை, வியர்வை இல்லை. "என்னம்மா மாத்திரை சாப்பிடுற?" என்றதும் பையிலிருந்து எடுத்தாள். நிறுத்திவிட்டு மூன்று நாள் கழித்து வரச் சொன்னோம், எல்லாம் சரியாக வந்தது. குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

மாத்திரை போடும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'மாத்திரை கேட்கவில்லை' என்பவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் காரணம். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு, காபி டிபனுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்கவேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் நாலு மணி நேரம் தள்ளி. கர்ப்பிணிகள் இந்த மூன்றையும் ஒரே கையில் வைத்து ஒரே மடக்கில் முடித்துவிடுவார்கள். அப்படி விழுங்கினால் தைராய்டு மாத்திரை இரும்போடு ஒட்டிக்கொண்டு குடலோடு போய்விடும்.

பச்சைக் குழந்தைக்கு எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். பிறந்த முதல் நாள் டி.எஸ்.எச். இயல்பாகவே எக்கச்சக்கமாக ஏறியிருக்கும் என்பதால் 48 மணி நேரம் கழித்து குதிகாலில் குத்தி எடுப்போம். குழந்தை வீரிட்டு அழும், பாட்டி என்னைச் சபிப்பாள். ஆனால் தைராய்டு இல்லாமல் பிறந்த குழந்தை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். சில வாரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தால் அதன் மூளை வளர்ச்சியைக் காப்பாற்றிவிடலாம்.

ஒரு தண்ணி லாரிக் கணக்கு

இவ்வளவு ஜாக்கிரதை எதற்கு என்று தோன்றலாம். எங்கள் ஊர் ஆட்களுக்குத் தண்ணி லாரியை வைத்துச் சொன்னால் உடனே புரியும். ஃப்ரீ டி4 என்பது புரதத்தோடு ஒட்டாமல் தனியாக மிதக்கிற டி4. அது ஒரு டெசிலிட்டருக்கு 1.2 நானோகிராம் இருந்தால் சாதாரணம். அப்படியானால் ஒரு லிட்டருக்கு 12 நானோகிராம். 12,000 லிட்டர் லாரி நிறையத் தண்ணீர் பிடித்து, அதில் 100 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை ஒன்றரை போட்டுக் கலக்கினால் எவ்வளவு திட்டமோ அவ்வளவுதான் உங்கள் ரத்தத்தில் இருப்பது. அதை நாங்கள் நாலு மில்லி ரத்தத்திலிருந்து தேடி எடுக்கிறோம்.

இவ்வளவு துளியூண்டு ஹார்மோனை அளக்க வழி கண்டுபிடித்தவர்கள் நியூயார்க்கில் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் என்ற இருவர். 1950களின் கடைசியில் இன்சுலினை இப்படி அளந்து காட்டினார்கள். காப்புரிமை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். பெர்சன் 1972ல் இறந்துவிட, யாலோவுக்கு 1977ல் நோபல் கிடைத்தது. 'ஹார்மோன்' என்ற சொல்லே 1905ல் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி சொல்லித்தான் புழக்கத்துக்கு வந்தது. அதை ரத்தத்தில் எண்ணிப் பார்க்க இன்னும் அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. யாலோ படம் ஒன்றை லேபில் மாட்டவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு அந்த இடத்தில் தீப்பெட்டிக் கம்பெனி காலண்டர் தொங்குகிறது.

கார்டிசால்: மணி பார்த்து வாருங்கள்

சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி ஆளுக்கொன்றாக அட்ரீனல் உட்கார்ந்திருக்கிறது. அதன் வெளிப்பகுதி சுரப்பதில் முக்கியமானது கார்டிசால். ரத்த அழுத்தம் விழாமல் பார்ப்பது, பட்டினியில் சர்க்கரையைத் தாங்குவது, காய்ச்சலையும் ஆபரேஷனையும் உடம்பு சமாளிப்பது எல்லாம் இதன் பொறுப்பு. இதற்கும் அம்மா பிட்யூட்டரிதான். கூப்பிடும் குரலின் பெயர் ஏ.சி.டி.எச்.

கார்டிசால் விடியற்காலையில் ஏறி, விழித்த சற்று நேரத்தில் உச்சிக்குப் போய், நடு ராத்திரியில் அடிமட்டத்துக்கு வரும். காலை எட்டு மணிக்கு 12 என்றால் நல்ல நம்பர். அதே 12 ராத்திரி பதினொரு மணிக்கு வந்தால் டாக்டர் நிமிர்ந்து உட்காருவார். அதனால் சீட்டில் 'காலை 8 மணி' என்று எழுதியிருந்தால் எட்டு மணிதான். பஸ் தாமதமாகிப் பத்தரைக்கு வந்தால் மறுநாள் வாருங்கள். மில்லில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், உங்கள் உடம்பின் காலை வேறு நேரத்தில் இருக்கும். ஏ.சி.டி.எச்.சையும் சேர்த்துக் கேட்டிருந்தால் ஊதா மூடிக் குழாயில் எடுத்து உடனே ஐஸில் வைப்போம். ஐஸ் இல்லாமல் எடுக்கிற இடத்தில் அந்த டெஸ்டைக் கொடுக்காதீர்கள்.

எட்டயபுரம் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி வந்தாள். மூட்டுவலிக்காக யாரோ பொட்டலம் கட்டிக் கொடுத்த பொடியை ஒன்றரை வருஷமாகச் சாப்பிட்டிருக்கிறாள். "அமிர்தம் தாயி, முத நாளே வலி ஓடிப்போச்சு" என்றாள். கையில் பட்டையைக் கட்டியபோது எனக்குத் திக்கென்றது. தோல் வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. பட்டையைக் கழற்றுவதற்குள் அந்த இடம் நீலம் பாரித்தது. கை கால் குச்சி, வயிறு மட்டும் பெருத்திருந்தது, முகம் பூசினாற்போல் உருண்டை. பார்த்தால் கார்டிசால் மிஞ்சிப்போன ஆள். ரிப்போர்ட் வந்தது: காலை எட்டு மணிக்கு 1.1.

எப்படி? பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தது என்றுதான் டாக்டர் முடிவுக்கு வந்தார். வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டு கார்டிசால் செய்கிற வேலையையெல்லாம் செய்துவிட, பிட்யூட்டரி 'வேலைதான் நடக்கிறதே' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டது. ஒன்றரை வருஷம் யாரும் கூப்பிடாத அட்ரீனல் சுருங்கித் தூங்கிவிட்டது. நாங்கள் அளந்தது சொந்தக் கார்டிசாலை, அதனால்தான் 1.1. ஆச்சி டாக்டரிடம் வந்ததே பொடி தீர்ந்துபோய் ஐந்து நாள் சாப்பிடாமல், வாந்தியும் மயக்கமுமாகத்தான். வெளியிலிருந்து வந்ததும் நின்றது, உள்ளேயிருந்தும் வரவில்லை. அவளுக்குக் கார்டிசாலையே மருந்தாகச் செய்த ஹைட்ரோகார்டிசோன் கொடுத்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள்.

ஆகவே ஆஸ்துமாவுக்கோ தோல்நோய்க்கோ பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை வாரக்கணக்கில் போடுகிறவர்கள், குணமாகிவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். இறங்கும்போது படி படியாகத்தான். பெயர் தெரியாத பொடி, எண்ணெய், சூரணம் எதுவானாலும் லேபில் சொல்லுங்கள். நான் யாரையும் திட்ட மாட்டேன், ஆச்சியைக்கூடத் திட்டவில்லை.

அம்மாவுக்கே தொண்டை கட்டிவிட்டால்

டி.எஸ்.எச். மட்டும் போதாத ஒருத்தி என்றேனே. முப்பது வயதுப் பெண். அக்னி நட்சத்திரத்தில் எங்கள் ஊர் வெயில் எப்படி என்று தெரியும். அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டோக்கன் வாங்கினாள். அதுதான் என் கண்ணில் முதலில் பட்டது. வேறொரு இடத்தில் எடுத்த பழைய ரிப்போர்ட்டைக் காட்டினாள்: டி.எஸ்.எச். 2.1. "தைராய்டு நார்மல்னு சொல்லிட்டாங்க அக்கா, மனசுதான் காரணமாம்."

மூன்று வருஷத்துக்கு முன் இரண்டாவது பிரசவம். ரத்தம் நிற்காமல் போய், நாலு பாட்டில் ஏற்றியிருக்கிறார்கள். அதற்கப்புறம் பால் சுரக்கவில்லை, ஒரு சொட்டுகூட. மாதவிலக்கும் திரும்ப வரவேயில்லை. எப்போதும் அசதி, குளிர், லேசான மயக்கம். இந்தத் தடவை டாக்டர் ஃப்ரீ டி4, காலைக் கார்டிசால், பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின், சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். என்று ஒரு வரிசையே எழுதியிருந்தார். எல்லாம் பள்ளத்தில். ஃப்ரீ டி4 0.4 தான், ஆனால் டி.எஸ்.எச். இப்போதும் 1.9.

பையன் எழவில்லை என்றால் அம்மா கத்தியிருக்கவேண்டும். டி.எஸ்.எச். 40, 60 என்று ஏறியிருக்கவேண்டும். ஏறவில்லை என்றால் அம்மாவுக்கே குரல் போய்விட்டது. கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பெருக்கும். அந்த நேரத்தில் ரத்தம் ஏகமாகப் போய் அழுத்தம் விழுந்தால், பெருத்த சுரப்பிக்கு ரத்தம் போதாமல் செல்கள் செத்துவிடும். 1937ல் ஷீஹன் என்ற மருத்துவர் இதை விளக்கி எழுதினார். அவர் பெயராலேயே ஷீஹன் நோய் என்கிறோம். இதில் டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் 'நார்மல்' என்று எழுதி அனுப்பிவிடுவோம். அது நார்மல் அளவுக்குள் இருப்பதே இங்கே நோயின் அடையாளம்.

டாக்டர் தைராய்டு மாத்திரைக்கு முன்னால் கார்டிசாலுக்குத்தான் மருந்து ஆரம்பித்தார். கார்டிசால் இல்லாத உடம்பில் முதலில் தைராய்டை முடுக்கிவிட்டால் ஆள் படுத்துவிடுவார் என்றார். அந்தப் பெண் அடுத்த வருஷம் அதே மே மாதம் வந்தாள். ஸ்வெட்டர் இல்லை, கர்ச்சீஃபால் விசிறிக்கொண்டிருந்தாள்.

பிரசவத்தில் நிறைய ரத்தம் போய், பால் வராமல், மாதவிலக்கும் திரும்பாமல் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், இந்த மூன்றையும் சேர்த்து ஒரே மூச்சில் டாக்டரிடம் சொல்லுங்கள். தனித்தனியாகச் சொன்னால் தனித்தனி மருந்து கிடைக்கும்.

பெண்களுக்கான டெஸ்டுகள், ஆண்களுக்கும் ஒன்று

எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டும் பிட்யூட்டரி சினைப்பையைக் கூப்பிடும் குரல்கள். மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் எடுக்கவேண்டும். அந்த நாளில் வருவதற்குச் சங்கடப்பட்டு, குளித்து முடித்து ஐந்தாம் நாள் வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்களுக்குக் கையில் ஒரு நரம்பு தெரிந்தால் போதும், வாருங்கள். புரொஜெஸ்டிரோன் 'இருபத்தோராம் நாள்' என்பது 28 நாள் சுற்றுக்கு மட்டும். கணக்கு என்னவென்றால் அடுத்த மாதவிலக்குக்கு ஏழு நாள் முன்பு. 35 நாளுக்கு ஒருமுறை வருகிறவருக்கு அது 28ஆம் நாள். சினைப்பையில் கருமுட்டை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஏ.எம்.எச். எந்த நாளிலும் எடுக்கலாம். 50 வயதில் எஃப்.எஸ்.எச். 60, 70 என்று வந்தால் பதற வேண்டாம். சினைப்பை ஓய்வுபெற்றுவிட்டது, பிட்யூட்டரிக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

புரோலாக்டின் கொஞ்சம் வேறு ரகம். பிட்யூட்டரி இதைத் தன்பாட்டுக்குச் சுரந்துகொண்டே இருக்கும். மேலே மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, டோபமைன் என்ற ரசாயனத்தை அனுப்பி பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரேக் தளர்ந்தால் ஏறும். பயம், ஓடி வருவது, சரியாகத் தூங்காதது, ஊசியைப் பார்த்து நடுங்குவது எல்லாம் ஏற்றும். எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வாருங்கள், வந்ததும் அரை மணி நேரம் ஃபேனுக்கடியில் உட்காருங்கள். முக்கியமாக, வாயுத் தொல்லைக்கு என்று தினமும் காலையில் போடுகிற கேப்சூலில் டோம்பெரிடோன் இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் படியுங்கள். அது டோபமைனைத் தடுத்து புரோலாக்டினை ஏற்றிவிடும். குழந்தை தங்கவில்லை என்று வந்த எத்தனையோ பேரின் பையில் அந்த அட்டையைப் பார்த்திருக்கிறேன். மனநோய்க்கான சில மாத்திரைகளும் ஏற்றும். ஆனால் அவற்றை டெஸ்டுக்காக நீங்களாக நிறுத்தவே கூடாது. தைராய்டு குறைந்திருந்தாலும் புரோலாக்டின் கொஞ்சம் ஏறும், தைராய்டுக்கு மருந்து கொடுத்தால் இரண்டும் சேர்ந்து இறங்கும். அதனால் இதற்கு ஜோடி டி.எஸ்.எச்.

ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன். காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில். ஒரு தடவை குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடி எடுத்துத்தான் முடிவு சொல்வார்கள். சாயங்காலம் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, ரகசியமாக வந்து கொடுத்துவிட்டு, குறைவு என்று கவலைப்படாதீர்கள்.

அம்மா இல்லாத வீடுகள்

எல்லாச் சுரப்பிக்கும் பிட்யூட்டரி மேஸ்திரி கிடையாது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் ரத்தத்தில் ஓடும் சர்க்கரையைத் தாங்களே உணர்ந்து சுரக்கின்றன. சுகர் டெஸ்டைப் பற்றித் தெரியாதவர் இல்லை, அதனால் சுருக்கமாக. பட்டினி என்றால் எட்டு மணி நேரம், தண்ணீர் மட்டும். "சீனி போடாத காபிதான்" என்பார்கள், கூடாது. "ஏ தாயி, வெத்தலையுமா கூடாது?" கூடாது. ஒருவர் பட்டினியில் 190 காட்டினார். சட்டைப்பையில் பாதி கடித்த கடலைமிட்டாய், ஊர்ப்பெருமை. ஹெச்பிஏ1சிக்குப் பட்டினி வேண்டாம், மூன்று மாத சராசரியைக் காட்டும். ஆனால் ரத்தசோகை இருந்தால் அது ஏமாற்றலாம்.

கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து எடுப்போம். 140ஐத் தொட்டால் கவனம் வேண்டும். நஞ்சுக்கொடியே ஒரு தற்காலிகச் சுரப்பி. அது விடும் ஹார்மோன்கள் இன்சுலினுக்கு எதிராக நிற்கும். வெகுதூரத்திலிருந்து வரும் பெண்கள் சாப்பிட்டிருந்தாலும் இந்த ஒரே டெஸ்ட் போதும் என்று இங்கே நிலைநிறுத்தியவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. குடித்த அரை மணிக்குள் வாந்தி வந்தால் சொல்லிவிடுங்கள், இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். மறைத்தால் நம்பர் பொய்.

இன்னொன்று பாராதைராய்டு. தைராய்டின் முதுகில் பயறு அளவில் நாலு. பெயரில் தைராய்டு இருந்தாலும் வேலையில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இவை பார்ப்பது கால்சியத்தை. முதலில் இவற்றைக் கண்டது 1849ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் இறந்த ஒரு இந்தியக் காண்டாமிருகத்தில், ரிச்சர்ட் ஓவன். மனிதரில் 1880ல்தான். கால்சியம் குறைந்தால் இவை சுரக்கும் பி.டி.எச். என்ற ஹார்மோன் ஏறும், எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். கால்சியம் ஏறினால் பி.டி.எச். இறங்கவேண்டும். இரண்டையும் ஒரே ரத்தத்தில் எடுத்தால்தான் பிரயோஜனம். கால்சியம் 11.5, பி.டி.எச்.சும் இறங்காமல் இருக்கிறது என்றால் சுரப்பி பேச்சைக் கேட்கவில்லை. அடிக்கடி சிறுநீரகக் கல் வருகிறவர்களிடம் சில நேரம் இதைப் பார்ப்போம். கால்சியம் சரியாக இருந்து பி.டி.எச். மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் வைட்டமின் டி குறைவு, அதையும் பாருங்கள். ரத்தம் எடுக்கிறவர் கையில் பட்டையைக் கட்டிவிட்டு நரம்பு தேடிக்கொண்டே இரண்டு மூன்று நிமிடம் ஓட்டினால் கால்சியம் பொய்யாக ஏறும். ஒரு நிமிடம் தாண்டினால் "கழற்றிவிட்டு மறுபடி கட்டுங்க" என்று தைரியமாகச் சொல்லுங்கள். என்னிடமும் சொல்லலாம்.

சீட்டின் பின்பக்கம்

டாக்டர் எழுதிய சீட்டின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும். வீட்டிலிருந்து கிளம்பும் முன் அதில் எழுதிக்கொண்டு வாருங்கள்: கடைசியாகச் சாப்பிட்டது எத்தனை மணி, கடைசி மாத்திரை எத்தனை மணி, கடைசி மாதவிலக்கு என்ன தேதி, நைட் ஷிஃப்டா, கர்ப்பமா, போடுகிற எல்லா மாத்திரையும். முடிக்கு, வாயுவுக்கு, வலிக்கு என்று போடுவதும், பொட்டலத்தில் வருவதும் அதில் அடக்கம். பெயர் தெரியாவிட்டால் அட்டையை அப்படியே பையில் போட்டுக்கொள்ளுங்கள். பழைய ரிப்போர்ட்டும் கூடவே வரட்டும்.

காலை ஏழு மணிக்குத் திறக்கிறோம். ஏழே காலுக்குள் வந்தால் கூட்டம் இருக்காது. காபியை ஃபிளாஸ்கில் ஊற்றிக் கொண்டுவந்துவிடுங்கள். ரத்தம் கொடுத்த கையை மடக்காமல் நீட்டி வைத்துக்கொண்டு, மற்றக் கையால் குடிக்கலாம். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் அப்போதுதான் மாத்திரையை விழுங்கிவிட்டு, இன்னும் அரை மணி நேரம் ஃபிளாஸ்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும்.